வெற்றிலை வைத்த கல்

காரைக்கூடத்தில் கல்யாணம் என்றால் உண்ணாமலை முதல் படிவரைக்கும் வருவாள். அதற்குமேல் வரமாட்டாள்.

வருவதில் ஒரு குறையும் இருக்காது. கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை, படிய வாரிய தலை, கையில் பரிசுப் பொட்டலம். படிக்கு நேரே வந்ததும் வலதுகால் செருப்பை மட்டும் கழற்றுவாள். இடதுகாலில் செருப்பு அப்படியே இருக்கும். வெறுங்காலை அந்தக் கல்லின் நடுவில் வைத்து, சுடுகிறதா என்று பார்ப்பவளைப் போல விரல்களை ஒருமுறை அகட்டி மடக்குவாள். அதற்குள் உள்ளேயிருந்து யாராவது தாம்பாளத்தோடு இறங்கி வந்துவிடுவார்கள். கல்யாண வேலைகளில் அதுவும் ஒன்றாகிவிட்டிருந்தது. குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொள்வாள். பூவை எடுத்துக்கொள்வாள். வெற்றிலையை மட்டும் சுட்டுவிரலால் தாம்பாளத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் பரிசை வைப்பாள். பிறகு செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவாள்.

“உள்ள வந்து ரண்டு வாய் உண்டுபோட்டுப் போங்கக்கா” என்று புதிதாக வாக்கப்பட்டு வந்தவள் யாராவது கூப்பிட்டால், “அடுப்புல பால் வெச்சுட்டு வந்திருக்கறேன் கண்ணு” என்பாள்.

“நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பாலு இன்னும் பொங்குன பாடில்லை” என்பார் கந்தப்பன். ஊரில் எதையும் கேலியாக்காமல் விடாத மனிதர்.

எடப்பாடியிலோ சங்ககிரியிலோ ஏசி மஹாலில் விசேஷம் என்றால் இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. நேரே போய் முன்வரிசையில் உட்காருவாள். பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்குவாள். கல்யாணத்தின்மேல் அவளுக்குக் கோபமில்லை. கூடத்தின்மேல்தான்.

வேலங்காட்டூரில் பஸ் நின்றதும் முதலில் காதுக்கு வருவது தறிச்சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஊரின் மத்தியில் இருந்தது காரைக்கூடம். வெள்ளைக்காரன் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து, கடுக்காயும் வெல்லமும் கலந்து சுண்ணாம்பு அரைத்துக் கட்டியது. அதைக் கல்யாணத்துக்குப் பிடிப்பதற்கு எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. முகூர்த்தம் குறித்ததும் பெண்ணின் தகப்பன் வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் ஒரு மஞ்சள் கிழங்கும் கொண்டுபோய் முதல் படியில் வைக்க வேண்டும். ஆள் படுக்கலாம் போன்ற அகலமான கருங்கல் அது. ஊர்ப் பெரியதனக்காரர் வந்து அந்த வெற்றிலையை எடுத்து உள்ளே கொண்டுபோனால் தேதி அவர்களுடையது. அதற்குப் பிறகு கலெக்டரே வந்து கேட்டாலும் கூடம் கிடைக்காது என்பார்கள். உள்ளே போன வெற்றிலை திரும்பி வருவது பெண்ணையே வாசலோடு திருப்பி அனுப்புவதுபோல. அப்படி நடந்தது ஒரே ஒருமுறைதான். உண்ணாமலையின் வெற்றிலை.

அவளுடைய அப்பா ஆண்டி அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து வெள்ளாமை செய்தவர். பேச்சுக் குறைவு. மாப்பிள்ளை செங்கோடன் சங்ககிரிப் பக்கம், லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நிச்சயத்தன்று அவன் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமல் அவள் கையிலேயே கொடுத்தான். விரல் படவில்லை. ஆனாலும் கொடுத்த விதத்தில் ஒன்று இருந்தது என்று அவள் நினைத்தாள். அந்த ஒரு சொம்பை வைத்துக்கொண்டு அவள் ஆயுசு முழுக்க எதையெதையோ எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

வைகாசியில் முகூர்த்தம். வெற்றிலை வைத்தாயிற்று, பெரியதனக்காரர் சடையன் எடுத்து உள்ளே கொண்டுபோயுமாயிற்று. சேலைகூட வந்துவிட்டது. முகூர்த்தத்துக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் ஆண்டி வீட்டுக்கு வந்து துண்டின் முடிச்சை அவிழ்த்து உதறினார். வாடிப்போன வெற்றிலை தரையில் விழுந்தது.

“கூடம் இல்லைன்னுட்டாங்க சாமி. அன்னிக்குப் பெரியதனக்காரரு ஊட்டுலயே விசேசமாம். வெத்தலையத் திருப்பிக் குடுத்துட்டாரு.”

மறுபடி ஒருநாள் கழித்துச் சொன்னார்: “வெத்தல திரும்புன ஊட்டுல பொண்ணு எடுக்கமாட்டோம்ங்கறாங்க சங்ககிரிக்காரங்க.”

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவள் அழவில்லை. முகூர்த்தத்தன்று காலையில் எழுந்து, குளித்து, யாருக்கும் சொல்லாமல் கூடத்துக்குப் போனாள். யாருக்காகத் தன் தேதியைப் பிடுங்கினார்களோ அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான். மேளச் சத்தம் கேட்கவில்லை. பந்தல் இல்லை. கூடத்தின் பெரிய கதவில் பூட்டுத் தொங்கியது. முதல் படியில் ஒரு வெள்ளாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“பறிச்சவங்க தின்னிருந்தாக்கூடப் பரவால்லீங்க. பறிச்சு மண்ணுல போட்டுட்டுப் போயிட்டாங்க” என்று அவள் இதைப் பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது குரல் ஏறாது. தார் சுற்றும் கை நிற்காது.

தார் சுற்றும் வேலையைத்தான் செய்தாள், விசைத்தறிக் கொட்டகை ஒன்றில். ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவது. பேச வேண்டியதில்லை. தறிச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அதற்குப் பிறகும் வரன் வராமலில்லை. பள்ளிபாளையத்தில் சொந்தத் தறி வைத்திருந்தவன் ஒருவன் கேட்டான். மனைவியை இழந்த வாத்தியார் ஒருவர் கேட்டனுப்பினார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

“கட்டிக்கறனுங்க. அதே கூடத்துல கண்ணாலம் வெக்கோணும். பெரியதனக்காரரே வந்து வெத்தலை எடுக்கோணும்.”

ஆண்டி மறுபடி அந்தப் படியில் வெற்றிலை வைக்கப் போகவே இல்லை. ‘போ அப்பா, போயிக் கேளு’ என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். பெரியதனக்காரர் வீட்டுக்குப் பயப்படுகிறார் என்று அவள் நினைத்தாள். ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டாள்: “உனக்கு முதுகெலும்பு இல்லப்பா.” அதற்கும் அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வரன் கேட்டு வருவது நின்றது. பிறகு ஒரு மழைக்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். சாவுக்குப் பெரியதனக்காரர் மாலையோடு வந்தபோது உண்ணாமலை வாசலிலேயே மறித்தாள். அந்த மாலையை அவர் வேலிமேல் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அவரும் இறந்து வருஷங்களாகிவிட்டன. அந்த வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் உண்ணாமலை பாதை மாறி நடப்பது மட்டும் மாறவில்லை.

போன தை மாதம் கூடத்தை இடிப்பதென்று முடிவானது. உத்திரமெல்லாம் செல்லரித்துவிட்டது, அந்த இடத்தில் கார் நிறுத்த வசதியோடு புது மஹால் கட்டலாம் என்றார்கள். ஊர்க் கமிட்டிக்குத் தலைவர் பழைய பெரியதனக்காரரின் மகன் தனசேகர், போர்வெல் லாரி வைத்திருப்பவர். மஹாலுக்குத் தன் அப்பாவின் பெயரை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. யாரும் மறுக்கவில்லை. இடிப்பதற்கு முன்னால் ஊரார் கூடி, கூடத்தைப் பற்றி ஆளாளுக்கு நினைவில் உள்ளதைப் பேசுவது, அதைப் படம்பிடித்து வைப்பது என்றும் ஏற்பாடானது.

உண்ணாமலையின் தம்பி மகள் அகல்யா விளையாட்டாகத்தான் கேட்டாள்.

“அத்தை, நீங்களும் பேசறீங்களா? ஆளுக்கு ரண்டு நிமிசம் தருவாங்களாம்.”

“பேசறேன்.”

“நெசமாவா? உள்ள வரோணும் அத்தை. மைக்கு உள்ளதான் இருக்கும்.”

“தெரியுது. இடிக்கறதுக்குள்ள ஒருக்கா போயித்தான ஆவோணும்.”

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். ‘தப்பு.’ அந்த வீட்டு வாயிலிருந்து, அந்தக் கூடத்துக்குள், ஊரார் காதுபட. சுவர் நின்றுகொண்டிருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும். சுவரும் போய்விட்டால் யாரிடம் போய் எதைக் காட்டிக் கேட்பது? அந்த வாரம் முழுக்க அவள் தார் சுற்றிக்கொண்டே உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததைக் கொட்டகையில் பார்த்தவர்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃப்ளெக்ஸ் பேனர், அதில் பழைய பெரியதனக்காரரின் பெரிய படம். உண்ணாமலை முதல் படிக்கு வந்தாள். வலது செருப்பைக் கழற்றினாள். விரல்களை அகட்டி மடக்கினாள். பிறகு இடது செருப்பையும் கழற்றினாள். வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

“பாலு பொங்கிருச்சாட்டம் இருக்குது” என்றார் கந்தப்பன்.

“பொங்கித் தீஞ்சும் போச்சுங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

பேச்செல்லாம் இனிப்பாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து ஓடு பறந்த வருஷம் இதற்குள்தான் ஐந்தாம் வகுப்புப் படித்தேன் என்றார் ஒருவர். திரை கட்டிப் படம் போட்டபோது திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லோரையும் இடதுகையர்களாகப் பார்த்ததை இன்னொருவர் சொன்னார். காவிரி வெள்ளத்தில் பூலாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இங்கே சோறாக்கிப் போட்டதைச் சொல்லும்போது ஒரு அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. கந்தப்பன் மைக்கைப் பிடித்து, “இந்தக் கூடத்துல தாலி கட்டுனவன் எவனும் அதுக்கப்பறம் வாயத் தொறந்து பேசுனதில்லீங்க. நானே இன்னிக்குத்தான் பேசறேன்” என்றார். அவர் மனைவி கீழேயிருந்து, “ஊட்டுக்கு வாங்க, மிச்சத்தைப் பேசிக்கலாம்” என்றாள். கூடம் குலுங்கியது.

உண்ணாமலையின் முறை வந்தது. மைக்கை அவள் தொடவில்லை. அதன்முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எல்லாருமு இந்தக் கூடத்துல நடந்ததைச் சொன்னீங்க. நான் நடக்காததைச் சொல்லோணுமுங்க.”

சொன்னாள். வெற்றிலை வைத்தது, உள்ளே போனது, திரும்பி வந்தது. பூட்டு. படுத்திருந்த ஆடு. பேனரில் இருந்த படத்தைக் கைநீட்டிக் காட்டி, “இவரு பேரைத்தான் புது மஹாலுக்கு வெக்கறீங்களாமா? வெய்யுங்க. அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கறேன். அன்னிக்கு இவரு செஞ்சது நாயமா?” என்றாள்.

தனசேகர் எழுந்தார். கூட்டங்களில் எழுந்து பழகியவர். கையைக் குவித்துக்கொண்டுதான் எழுந்தார்.

“அக்கா, நான் அப்ப டவுசர் போட்ட பையன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்கப்பாரு அப்படிச் செஞ்சிருந்தா தப்புதான்.”

“செஞ்சிருந்தாவா?”

“சரிங்கக்கா. செஞ்சது தப்புதானுங்க. போதுமுங்களா?”

எங்கிருந்தோ ஒருவர் கைதட்டினார். பின்னால் எல்லோரும் தட்டினார்கள். படமெடுக்கிறவர் கிட்டே வந்தார். கேட்க வந்த சொல் அதுதான். கிடைத்துவிட்டது. ஆனால் பஸ்ஸில் காலை மிதித்தவன் ‘ஸாரி’ சொல்லிவிட்டுப் போவதுபோல் அது இருந்தது. உண்ணாமலை மேடையைவிட்டு இறங்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்லாயியைப் பார்த்தாள். தனசேகரின் அம்மா, பெரியதனக்காரரின் மனைவி. எண்பதைத் தாண்டியவர். கோலை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார்.

“நீங்க சொல்லுங்கத்தை. உங்களுக்குத் தெரியாம இருக்காது. அன்னிக்கு உங்க ஊட்டுல என்ன விசேசம்? கூடத்தை எதுக்குப் பூட்டி வெச்சீங்க?”

செல்லாயி தலைப்பை எடுத்தார். வாய் திறந்தது. பக்கத்தில் இருந்த மருமகள் சுகன்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்ணாமலையைப் பார்த்து செல்லாயி சொன்னார்:

“அவரு போயிச் சேந்துட்டாரு அம்முணி. பழியும் அவரோடவே போகட்டும்.”

“பழி எப்படிங்க போவும்? நான் இங்கதான இருக்கறேன்?”

அதற்கு யாரும் கைதட்டவில்லை.

பந்தியில் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் அவள் உண்ட முதல் சோறும் கடைசிச் சோறும் அதுதான். பக்கத்திலிருந்த அகல்யா, “அத்தை, பாயசம் இன்னொருக்கா கேக்கட்டுமா?” என்றாள். வேண்டாம் என்று கையை இலைமேல் விரித்தாள். கேட்டது கிடைத்த பிறகும் மனசு ஆறவில்லை. இனி அதற்கு யார்மேலும் குறை சொல்லவும் வழியில்லை.

அவள் பேசியது ஊரில் வேலை செய்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பழைய பெரியதனக்காரரை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவர் பெயரில் மஹாலா, அங்கே போய் நம் பிள்ளைகளுக்குத் தாலி கட்டுவதா என்றார்கள். கமிட்டியில் அடுத்த கூட்டத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். பேனரில் இருந்த படத்தைச் சுருட்டி யாரோ மாட்டுக் கொட்டகைக்குச் சாரல் மறைக்கக் கட்டியிருந்தார்கள். தனசேகர் அதைப் பார்த்துவிட்டு லாரியை நிறுத்தாமல் போனார். அவருடைய மகனுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தமும் மெல்ல நழுவியது.

இடிக்க ஜேசிபி வந்த அன்று, மரமும் ஓடும் ஏலம் போயிற்று. உண்ணாமலை போய் நின்றாள்.

“எனக்கு அந்த மொதப்படி வேணுமுங்க.”

“அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்று தனசேகர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“துணி தொவைக்கறதுக்கு.”

தனசேகர் ஜேசிபிக்காரனுக்குக் கையைக் காட்டினார். அவள் வீட்டுப் பின்புறத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கல்லைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் அதன்மேல் துணியை ஓங்கி அடிப்பாள். அடி விழுகிற சத்தம் மூன்றாவது தெருவரைக்கும் கேட்கும். தறிகள் ஓடத் தொடங்காத நேரம் அது. தனசேகரின் வீடு இருப்பது இரண்டாவது தெருவில்.

இவ்வளவுதான் உண்ணாமலையின் கதை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. மிச்சம் பிறகுதான் தெரிந்தது. அதுவும் சுகன்யா சொல்லி.

தினமும் அந்தச் சத்தத்துக்கு விழித்து விழித்து, ஒருநாள் அவள் மாமியாரிடம் எரிந்து விழுந்திருக்கிறாள். “அன்னிக்கு அத்தனை பேரு முன்னால கேட்டாங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம மானம் இப்படிக் காத்துல போயிருக்குமுங்களா?” என்றாளாம். செல்லாயி காப்பியை ஆற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னாராம். சொல்லிவிட்டு, உண்ணாமலை உயிரோடு இருக்கிறவரைக்கும் இது இந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். சுகன்யாவால் அந்தச் சத்தியத்தை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் துவைக்கிற கல்வரைக்கும் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பெண் வேண்டாம் என்றது செங்கோடன்தான். வேறிடத்தில் பேசி முடித்துக்கொண்டு, முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னால் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டான். அந்த மத்தியானம் ஆண்டி வெயிலில் நடந்து பெரியதனக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். செல்லாயி கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “மாப்பளையே வேண்டாம்ன பொண்ணுன்னு எம்புள்ளைக்குப் பேரு வரக்கூடாதுங்க. கூடம் இல்லைன்னு நீங்க சொன்னதா இருக்கட்டும். கோவம் உங்க மேல இருந்துட்டுப் போகட்டும்” என்று கேட்டிருக்கிறார். உள்ளே வைத்திருந்த வெற்றிலையைத் தன் கையாலேயே எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். வாசல்வரைக்கும் போனவர் திரும்பி வந்து இன்னொன்றும் கேட்டார். அந்தத் தேதியில் வேறு யாருடைய மேளமும் அவள் காதில் விழக்கூடாது, அன்றைக்குக் கூடத்தைப் பூட்டியே வையுங்கள் என்று.